மொட்டைக் கடுதாசிக்கு யார் பேர்ல பதில் எழுதுறது?

ரெண்டு மாசமா எழுத முடியலை. சம்பா நடவு, அப்புறம் களை, நடுவுல ஒரு மழை, வடிகால் வெட்டி விடுறதுக்குள்ள முதுகு விட்டுப்போச்சு. இப்பதான் பயிர் தலை தூக்கி நிக்குது. சரி, கொஞ்சம் உட்காரலாம்னு பார்த்தா, மச்சான் ஒருத்தர் வாட்ஸ்அப்ல ஒரு எழுத்தை அனுப்பி, "இது உங்களைப் பத்தித்தான் மாதிரி இருக்கு மாமா"ன்னு போட்டிருந்தார்.

நீளமான எழுத்து. சாராம்சம் இவ்வளவுதான். கல்கி நாவலைப் படிச்சுட்டு காரை எடுத்துக்கிட்டு கோயில் கோயிலா சுத்துற ஒரு கூட்டம் கிளம்பியிருக்கு. இவங்களுக்கு வரலாறும் தெரியாது, கல்வெட்டும் தெரியாது. பட்டம் வாங்கினவங்க பேச வேண்டியதை கம்ப்யூட்டர் தட்டுறவனும் வயக்காட்டுல கிடக்கிறவனும் பேசுறான். வரலாறு கெட்டுப்போறது இவங்களாலதான். இதுக்கு நடுவுல சாதியைப் பத்தியும் நாலு வரி. கடைசி வரை தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எழுதினவர் பேர் இல்லை.

அந்த "வயக்காட்டுல கிடக்கிறவன்" நானாத்தான் இருக்கணும். ரெண்டு வருஷம் முன்னாடி பொன்னியின் செல்வன் வாசகர்கள் சிலபேர் எங்க பக்கம் வந்ததையும், அவங்களோட உடையார்குடி கோயிலுக்குப் போனதையும் இங்க எழுதியிருந்தேன். என்னைச் சொன்னதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை. வயக்காட்டுலதான் கிடக்கிறேன், படிப்பும் பள்ளிக்கூடத்தோட சரி. ஆனா அந்தப் பிள்ளைங்களைச் சொன்னதுக்குப் பதில் சொல்லாம இருந்தா சாப்பாடு இறங்காது போலிருக்கு.

புதுசா வர்றவங்களுக்காக எங்க இடத்தைச் சொல்லிடுறேன். சிதம்பரத்துலேர்ந்து மேற்கே காட்டுமன்னார்கோயில் போற பக்கம். வீராணம் ஏரிப் பாசனம். கொள்ளிடத்துல கீழணையிலேர்ந்து வடவாறு வழியா ஏரிக்குத் தண்ணி வரும், ஏரியிலேர்ந்து வாய்க்கால் வழியா எங்களுக்கு வரும். நாங்க கடைமடை, அதனால வந்தா வரும். ஏரி நிரம்பினா 47.5 அடி. 2004லேர்ந்து சென்னைக்கும் இந்த ஏரித் தண்ணிதான் குழாய்ல போகுது. அதனால இதைப் படிக்கிற உங்கள்ல பாதிப் பேர் எங்க ஏரித் தண்ணியைக் குடிச்சுட்டுத்தான் படிக்கிறீங்க. குத்தமா சொல்லலை, உறவு சொல்றேன்.

இந்த ஏரி பராந்தக சோழன் காலத்துது, ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. வீரநாராயணன்கிறது அவரோட பட்டப்பேர், அதான் வீரநாராயண ஏரி, பேச்சுவழக்குல தேய்ஞ்சு வீராணம். பொன்னியின் செல்வன் கதையே இந்தக் கரையிலதான் ஆரம்பிக்குது, ஆடிப்பெருக்கு அன்னிக்கு வந்தியத்தேவன் குதிரையில வர்றது. 1950ல கல்கி பத்திரிகையில தொடரா வர ஆரம்பிச்சு 1954 வரைக்கும் போச்சு. எங்க சித்தப்பா வாராவாரம் வந்ததை எல்லாம் பிரிச்சு எடுத்து, சணல் கயிறு போட்டுத் தைச்சு வச்சிருந்தார். அதைத்தான் நான் படிச்சேன். நடுவுல ஒரு பதினஞ்சு வாரம் கிடையாது. பல வருஷம் கழிச்சு நூலகத்துல புத்தகம் எடுத்துத்தான் அந்தப் பதினஞ்சு வாரத்துல என்ன நடந்துதுன்னு தெரிஞ்சுக்கிட்டேன்.

அந்தக் கதையைப் படிச்சவங்க 2002ல இணையத்துல ஒண்ணு சேர்ந்து பொன்னியின் செல்வன் வரலாற்றுப் பேரவைன்னு ஒரு குழு வச்சாங்க. அதுல சிலபேர் கதையோட நிக்காம, கதைக்குப் பின்னாடி இருக்கிற நிஜக் கோயிலையும் கல்வெட்டையும் தேடிப் போக ஆரம்பிச்சாங்க. 2004 ஆகஸ்ட்ல வரலாறு டாட் காம்னு மாச இதழ் தொடங்கினாங்க, தமிழ்ல. வேற வேலை பார்த்துக்கிட்டே இதைச் செஞ்சவங்க அவங்க. அவங்களுக்கு வழிகாட்டினவர் திருச்சி டாக்டர் கலைக்கோவன், அவரும் கண் மருத்துவர். பகல்ல கண் பார்த்துட்டு மத்த நேரத்துல கோயில் கோயிலாப் போய் அளந்து, படிச்சு, புத்தகம் புத்தகமா எழுதினவர். வரலாற்றாசிரியர் மா. இராசமாணிக்கனாரோட மகன். இவங்களை மாதிரி இன்னும் எத்தனையோ குழு இப்ப இருக்கு. 2022ல சினிமா வந்த பிறகு கூட்டம் இன்னும் கூடிப்போச்சு.

எங்க ஊருக்கு வந்தது அப்படி ஒரு சின்னக் குழு. ஏழெட்டுப் பேர் ஒரு வேன்ல வந்தாங்க. ஏரிக்கரையில நின்னு போட்டோ எடுத்தாங்க, டீ குடிச்சாங்க. உடையார்குடிக்குப் போகணும், வழி சொல்லுங்க ஐயான்னாங்க. நானும் ஏறிக்கிட்டேன்.

உடையார்குடி வேற எங்கயும் இல்லை, காட்டுமன்னார்கோயிலோட ஒட்டினதுதான். அங்க அனந்தீசுவரர் கோயில். உரம் வாங்க, வட்டாட்சியர் ஆபீசுக்குன்னு நான் அந்தப் பக்கம் நாப்பது வருஷமாப் போறேன். உள்ள போய் சாமி கும்பிட்டிருக்கேன். அந்தக் கல்வெட்டு இருக்குன்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும். ஆதித்த கரிகாலன் கொலைக்கு இருக்கிற நேரடிச் சாட்சி அந்தக் கல்லுதான். சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராசன், பரமேசுவரனான இருமுடிசோழ பிரம்மாதிராசன்னு துரோகிங்க பேரை வெட்டி வச்சிருக்கு. அவங்க, அவங்க உறவுக்காரங்க சொத்தெல்லாம் பறிபோனதும் அதுல இருக்கு. ராஜராஜனோட ரெண்டாவது ஆட்சியாண்டு. கதையில வர்ற ரவிதாசன் பேரை கல்கி சும்மா வைக்கலைன்னு அங்க நின்னப்பதான் எனக்குப் புரிஞ்சுது. கை கால் எல்லாம் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

குழுவுல ஒரு தம்பி, கம்ப்யூட்டர் வேலைதான், பேர் சொல்ல வேண்டாம். அவர் கையில ஒரு நோட்டு. இந்தக் கல்வெட்டை 1920லயே அரசாங்கக் கல்வெட்டுத் துறை படி எடுத்து 577ன்னு நம்பர் போட்டிருக்குன்னு அதுல குறிச்சு வச்சிருந்தார். அவர் சுவத்துல எழுத்தைத் தொடலை. மாவு தேய்க்கிறது, சாக்பீஸ் தேய்க்கிறது எதுவும் கிடையாது. டார்ச்சைப் பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிச்சார், எழுத்து நிழல் விழுந்து எழுந்து நின்னுது. படிக்கத் தெரிஞ்ச இடத்தைப் படிச்சார். தெரியாத இடத்துல, "இது எனக்குப் புரியலை ஐயா, புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்லணும்"னார். அந்தப் பேச்சுதான் எனக்கு அவர்மேல மரியாதையை உண்டாக்குச்சு.

அதுல நிலக் கணக்கு வந்துது. இரண்டே முக்காலே ஒரு மா நிலமும், ஆறு வீட்டு மனையும், 112 கழஞ்சு பொன்னுக்கு வித்தது. இது எவ்வளவு ஐயா இருக்கும்னார். இதுக்கு நம்மகிட்ட பதில் இருக்கே. ஒரு வேலிக்கு இருபது மா. இரண்டே முக்கால் வேலின்னா அம்பத்தஞ்சு மா, கூட ஒரு மா, ஆக அம்பத்தாறு. மூணு மா ஒரு ஏக்கர். பதினெட்டரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலன்னு நின்ன இடத்துலயே சொன்னேன். ஏழெட்டுப் பேரும் என்னை ஒரு வாத்தியாரைப் பார்க்கிற மாதிரி பார்த்தாங்க. கொஞ்சம் தலை கனத்துப்போச்சு.

கனத்த தலையோட அடுத்ததையும் சொன்னேன். "கல்வெட்டுல காணின்னு வந்தா நாலு மான்னு எடுத்துக்கோங்க தம்பி, அஞ்சு காணி ஒரு வேலி"ன்னேன். எங்க பக்கம் அப்படித்தான். ஒரு காணின்னா ஒரு ஏக்கர் முப்பத்திரண்டு சென்ட். பத்திரத்துல இருக்கு, பேச்சுல இருக்கு, எங்க அப்பா வித்ததும் வாங்கினதும் அந்தக் கணக்குலதான். தம்பி தயங்கினார். "ஐயா, கல்வெட்டுல காணின்னா வேலியில எண்பதுல ஒரு பங்கு"ன்னார். எனக்குச் சுருக்குன்னுது. அப்படிப் பார்த்தா கால் மாதானே வருது, எட்டு சென்ட். எட்டு சென்ட் எங்க, ஒண்ணே கால் ஏக்கர் எங்க! நான் அம்பது வருஷமா மண்ணுல நிக்கிறவன், எனக்கே காணி சொல்லித்தர்றியான்னு வாய் வரைக்கும் வந்துது. அவர் சத்தம் போடலை. "உங்க வீட்டுல பழைய எண்சுவடி இருந்தா பாருங்க ஐயா. முந்திரி, அரைக்காணி, காணி, அரைமா, முக்காணி, மான்னு வரிசை வரும்"னார்.

வீட்டுக்கு வந்து பரண்ல தேடினேன். தாத்தா படிச்ச எண்சுவடி இருந்துது. முந்திரி முன்னூத்திருபதுல ஒண்ணு. அரைக்காணி நூத்தறுபதுல ஒண்ணு. காணி எண்பதுல ஒண்ணு. தம்பி சொன்னதுதான் சரி. எங்க பேச்சுல இருக்கிற காணி வேற, கல்லுல பின்னக் கணக்கா நிக்கிற காணி வேற. போன் பண்ணி, "நீங்க சொன்னதுதான் தம்பி சரி"ன்னேன். அவர், "நாங்களும் ஒரு மா எவ்வளவு பெரிசுன்னு அன்னிக்குத்தான் கண்ணால பார்த்தோம் ஐயா"ன்னார்.

இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இவ்வளவு நீட்டிச் சொல்றேன். நான் தப்பு சொன்னேன். என் பேர் அவருக்குத் தெரியும், அவர் பேர் எனக்குத் தெரியும். அதனால அந்தத் தப்பு ரெண்டு நாள்ல திருந்துச்சு. பேர் போடாம எழுதினவரும் ஒரு தப்பு பண்ணியிருக்கார். அந்த உடையார்குடிக் கல்வெட்டே நாவல்காரங்க கட்டிவிட்டதுங்கிற மாதிரி எழுதியிருக்கார். 1920ல படி எடுத்த கல்லு அது, அப்ப கல்கிக்கு இருபது இருபத்தொரு வயசு. இதை நான் யாருக்கு போன் பண்ணிச் சொல்றது?

ஆர்வலர்கள் தப்பே பண்றதில்லைன்னு நான் சொல்ல வரலை. நிறையப் பண்றாங்க. நந்தினி இருந்த அரண்மனை எதுன்னு என்கிட்டயே கேட்டவங்க உண்டு. நந்தினி கல்கி உண்டாக்கின பாத்திரம், அவளுக்கு அரண்மனையும் கிடையாது, சமையல்கட்டும் கிடையாது. வந்தியத்தேவன் அப்படியில்லை, குந்தவையோட கணவர்னு தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுல பேர் இருக்கு. கதையில எது கல்லுலேர்ந்து வந்தது, எது கல்கி மனசுலேர்ந்து வந்ததுன்னு பிரிக்கத் தெரியாம பேசுறவங்க இருக்காங்க. கடம்பூர்ல போய் சம்புவரையர் மாளிகையைத் தேடி, இல்லைன்னதும் கோவிச்சுக்கிட்டுப் போன ஒரு குடும்பத்தை நான் பார்த்திருக்கேன். கோயில் சுவத்துல சாய்ஞ்சு நின்னு செல்பி எடுக்கிறவங்களைக் கண்டா எனக்கும் எரிச்சல்தான். இதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஆள் வேணும். படிச்சவங்க சொன்னா இன்னும் நல்லது.

பட்டம்னு ஒண்ணு சொன்னாரே, அதுக்கு வர்றேன். சோழர் வரலாறுன்னா நம்ம பக்கம் எல்லாரும் சொல்ற பேர் சதாசிவ பண்டாரத்தார். திருப்புறம்பியத்துக்காரர். கல்லூரிப் பட்டம் கிடையாது. கும்பகோணம் பாணாதுறைப் பள்ளிக்கூடத்துல தமிழ் வாத்தியார். ஊர் ஊரா நடந்து கல்வெட்டு பார்த்தவர். அவரைத்தான் நம்ம சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கூப்பிட்டு வேலை கொடுத்து, பிற்காலச் சோழர் வரலாறு எழுத வச்சு, அச்சும் போட்டுச்சு. கல்கியும் பள்ளிப் படிப்பை முடிக்கலை, நடுவுலயே விட்டுட்டு சுதந்திரப் போராட்டத்துக்குப் போனவர். இதைச் சொல்றதால படிப்பு வேண்டாம்னு அர்த்தமில்லை. 1920ல வெயில்ல நின்னு படி எடுத்தவங்க படிச்சுப் பயிற்சி வாங்கினவங்க. அவங்க இல்லைன்னா டார்ச் பிடிச்ச தம்பிக்கு நோட்டுல எழுத ஒண்ணுமில்லை. ஆனா ஒருத்தர் சொன்னது சரியா தப்பாங்கிறதை அவர் சொன்னதை வச்சுத்தான் பார்க்கணும்.

இந்தக் கொலை விஷயத்துலயே பாருங்க. நீலகண்ட சாஸ்திரியார் எவ்வளவு பெரிய படிப்பாளி. அவருக்கு உத்தம சோழர் மேல சந்தேகம், எழுதினார். பண்டாரத்தார் அதை ஒத்துக்கலை. உத்தம சோழருக்கு அதுல பங்கு இருந்திருந்தா, அவர் மகனுக்கு ராஜராஜன் தன் ஆட்சியில கோயில் அதிகாரம் கொடுத்து வச்சிருப்பாரான்னு கேட்டார். பின்னால குடவாயில் பாலசுப்ரமணியன் அதே கல்வெட்டை மறுபடி எடுத்து வாசிச்சுப் பார்த்து எழுதினார். ஒருத்தருக்கொருத்தர் ஒத்துப்போகலை. ஆனா மூணு பேரும் பேர் போட்டு, காரணம் காட்டி எழுதினாங்க. அதனாலதான் எழுபது எண்பது வருஷம் கழிச்சு என்னை மாதிரி ஆள் மூணையும் வச்சுக்கிட்டு, பண்டாரத்தார் பக்கம் நியாயம் இருக்கிற மாதிரி தெரியுதேன்னு வரப்புல உட்கார்ந்து யோசிக்க முடியுது.

அந்தக் காலத்து ஆவணத்துலயும் அதே வழக்கம்தான். சபை ஒரு நிலத்தை வித்தா, முடிவுல ஒவ்வொருத்தரும் பேரைச் சொல்லி, இது என் எழுத்துன்னு கையெழுத்து. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி கல்லுல பேர் போட்டுப் பொறுப்பு ஏத்துக்கிட்டாங்க. இன்னிக்கு போன்ல ரெண்டு எழுத்து தட்ட ஒருத்தருக்கு முடியலை.

பேர் போடாத எழுத்து என்ன பண்ணும்னு எங்க வீட்டுக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடம் போற வயசு. ஒரு கோடையில தண்ணி முறை வச்சு விட்டப்ப, எங்க அப்பா ராத்திரி வாய்க்கால் கரையை வெட்டித் தண்ணி எடுத்துட்டார்னு மேலதிகாரிக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போச்சு. விசாரிக்க ஆள் வந்தாங்க. வெட்டினது நண்டு வளைன்னு வந்தவங்களே பார்த்துட்டுப் போயிட்டாங்க. அதோட முடிஞ்சுதுன்னு நினைக்கிறீங்களா? யார் எழுதினதுன்னு தெரியலை. தெரியாததால எங்க அப்பா எல்லாரையும் சந்தேகப்பட்டார். கடைசியில பங்காளி வீட்டுப் பெரியப்பாதான்னு அவரா முடிவு பண்ணிக்கிட்டார். பேச்சு நின்னுது. பெரியப்பா மகள் கல்யாணத்துக்கு நாங்க யாரும் போகலை. பக்கத்து வீடு, நாதஸ்வரம் கேட்குது, எங்க அம்மா அடுப்படியில உட்கார்ந்து அழுதாங்க. எழுதினவர் வேற ஒருத்தர்னு பன்னிரண்டு வருஷம் கழிச்சுத் தெரிஞ்சுது. அப்ப பெரியப்பா உயிரோட இல்லை.

எங்கேயும் எப்பவும் பேர் போட்டுத்தான் எழுதணும்னு சட்டம் பேசவும் நான் வரலை. கூலி கொடுக்காத பண்ணையைப் பத்தி, கை நீட்டின பெரிய மனுஷனைப் பத்தி, அவன் நிலத்துலயே குடியிருக்கிற ஒருத்தன் பேர் போட்டா எழுத முடியும்? எழுதினா ராத்திரி குடிசை இருக்காது. அந்தக் கடுதாசியில பேர் இல்லைன்னா அது பயம், அதுக்கு ஒரு நியாயம் இருக்கு. ஆனா ஞாயித்துக்கிழமை லீவுல சொந்தக் காசைப் போட்டு கோயில் பார்க்க வர்ற பிள்ளைங்ககிட்ட என்ன பயம்? அவங்க யாரை அடிக்கப் போறாங்க?

சாதியைப் பத்தின நாலு வரியையும் விட மனசில்லை. உடையார்குடிக் கல்வெட்டுன்னாலே இது ஒரு தொல்லை. துரோகிங்க பேருக்குப் பின்னால பிரம்மாதிராசன்னு இருக்கு. அதை வச்சு ஒரு பக்கம் ஒரு சாதியையே கொலைகாரங்கம்பாங்க. இன்னொரு பக்கம் கல்வெட்டே பொய்ம்பாங்க. அந்த எழுத்துல, வந்த பிள்ளைங்க என்ன சாதி, எதுக்காகத் தேடுறாங்கன்னு ஒரு ஊகம். அந்த வேன்ல வந்தவங்க சாதி எனக்குத் தெரியாது, கேட்கலை. வீட்டுக்கு வந்தாங்க, என் சம்சாரம் புளிசாதமும் கத்திரிக்கா கொத்சும் போட்டாங்க, சாப்பிட்டாங்க. அந்தக் கொலை நடந்து ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. சொத்து போச்சு, தண்டனை முடிஞ்சுது. பேர் போட்டா இந்த நாலு வரியை அவர் எழுதியிருக்க மாட்டார்னுதான் நினைக்கிறேன். மறுநாள் டீக்கடையில நாலு சாதிக்காரங்க பக்கத்துல உட்காரணுமே.

அந்தத் தம்பிகிட்ட இந்த எழுத்தைப் பத்திப் பேசினேன். அவருக்கும் வந்திருக்கு. "இனிமே எழுதுறதையே விட்டுடலாமான்னு இருக்கு ஐயா. சம்பளமா வருது இதுக்கு? வீட்டுலயும் திட்டு"ன்னார். எனக்குப் பகீர்னுது. திருப்பணிங்கிற பேர்ல எத்தனையோ கோயில்ல மணலைப் பீய்ச்சி அடிச்சு எழுத்தை மழுக்கிட்டாங்க. ஏத்த மேடை, வாய்க்கால் படின்னு எழுத்துள்ள கல்லு எங்கெங்கேயோ கிடக்குது. அதையெல்லாம் நின்னு பார்க்க அரசாங்கத்துல எத்தனை ஆள் இருக்கு? ஞாயித்துக்கிழமை வர்ற இந்தப் பத்துப் பேரும் வரலைன்னா, நான் மறுபடியும் உரமூட்டையோட அந்தக் கோயிலைத் தாண்டிப் போயிக்கிட்டே இருப்பேன், இன்னொரு நாப்பது வருஷம்.

எழுதினவர் இதைப் படிச்சா, பேர் போட்டு ஒரு வரி எழுதுங்க. திட்டுறதா இருந்தாலும் சரி. உடையார்குடிக்கு நானே கூட்டிக்கிட்டுப் போறேன், டார்ச் நான் கொண்டு வர்றேன். சாப்பாடு நம்ம வீட்டுல.

தம்பி, தை அறுப்பு முடிஞ்சதும் வர்றேன்னு சொல்லியிருக்கார். தாத்தாவோட எண்சுவடியை போட்டோ எடுக்கணுமாம். நேத்து எடுத்துப் பார்த்தேன். முந்திரிப் பக்கத்தோட ஓரத்தைக் கரையான் அரிச்சிருக்கு. வேப்பிலை போட்டு, துணியில சுத்தி, நெல்லு மூட்டைக்கு மேல வச்சிருக்கேன்.